மணி பிளான்ட் இலை மஞ்சளாகி உதிருது, என்ன பண்றது?

மொட்டுமல்லி:
வீட்டுக்குள்ள வச்சிருக்க மணி பிளான்ட்ல ரெண்டு வாரமா அடி இலைங்க ஒவ்வொண்ணா மஞ்சளாகி உதிருது. தண்ணி பத்தலையோன்னு தினமும் ஊத்துறேன், உரமும் போட்டுப் பாத்துட்டேன், இன்னும் மோசமாத்தான் ஆகுது. மூணு வருஷமா வளத்த செடிங்க, மனசே கேக்கல. யாராச்சும் சொல்லுங்க.

வேர்க்கால்:
முதல்ல தண்ணிய நிறுத்துங்க, உரமும் வேணாம். விரல 2 அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா தண்ணி அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். மண்ணு எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா வேருக்கு காத்து கிடைக்காம அழுகிடும், அழுகின வேரு தண்ணிய உறிஞ்சாது, அதனால ஈரத்துல நின்னுகிட்டே செடி வாடும், நாம அதப் பாத்துட்டு இன்னும் ஊத்துவோம். செடிய மண்ணோட வெளிய எடுங்க. நல்ல வேரு வெளுப்பா கெட்டியா இருக்கும். அழுகினது பழுப்பா கொழகொழன்னு இருக்கும், புடிச்சு இழுத்தா மேல்தோல் உருவிகிட்டு வந்து நடுவுல நூல் மாதிரி மட்டும் நிக்கும், நாத்தமும் அடிக்கும். அதையெல்லாம் வெட்டிட்டு புது மண்ணுல பெர்லைட் (தண்ணி தேங்காம வடிய மண்ணுல கலக்குற லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து வைங்க.

தளிர்இலை:
மேல சொன்னது சரிதான், ஆனா எல்லா மஞ்சளும் தண்ணியால வர்றது இல்லங்க, எந்த இலைல ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். நைட்ரஜன் பத்தலைன்னா செடி பழைய இலைலேர்ந்து எடுத்து புதுசுக்கு குடுக்கும், அதனால அடி இலை முழுசா வெளுக்கும். இரும்புச் சத்த அப்படி நகத்த முடியாது, அதான் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரியும். பொடிப்பொடியா மஞ்சப் புள்ளி இருந்தா இலைய திருப்பிப் பாருங்க, செம்பேன் (இலைச் சாற உறிஞ்சுற ரொம்பப் பொடியான பேன்) இருக்கலாம், ஈரத் துணியால அடிப்பக்கமும் சேத்து துடைச்சு விடுங்க.

மொட்டுமல்லி:
எடுத்துப் பாத்தேன்ங்க. செடி இருக்க தொட்டிய அழகுக்குன்னு ஒரு பீங்கான் தொட்டிக்குள்ள வச்சிருந்தேன், அந்த பீங்கான் தொட்டில ஓட்டையே இல்ல, அடில ரெண்டு விரல் தண்ணி தேங்கி நிக்குது! பாதி வேரு போச்சு. மஞ்சளான இலை திரும்ப பச்சையாகுமா?

வேர்க்கால்:
ஆகாதுங்க, அத கிள்ளிடுங்க, புதுசா வர்ற இலைதான் கணக்கு. பீங்கான் தொட்டி வேணும்னா தண்ணி ஊத்தும்போது உள்தொட்டிய வெளிய எடுத்து ஊத்தி, நல்லா வடிஞ்சப்புறம் உள்ள வைங்க. நல்லா இருக்க கொடில ஒண்ண கணுவுக்கு கீழ வெட்டி, கணு முங்குற மாதிரி தண்ணில போட்டு வைங்க, வேரு விட்டுடும். தாய்ச்செடி தேறலைன்னாலும் அது கைல இருக்கும்.