முதியோர் இல்லத்துல ராத்திரி விழுறத குறைக்கணும், ஐடியா சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம். ஒரு முதியோர் இல்லத்துல மேனேஜரா புதுசா பொறுப்பு எடுத்திருக்கேன், நர்சிங்ல இருக்கவங்க, ஹோம் நடத்துறவங்க யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரி பெரியவங்க பாத்ரூம் போக எழுந்து விழுந்துடுறாங்க. ரிப்போர்ட் எல்லாம் பக்காவா ஃபைல்ல இருக்கு, ஆனா தொறந்து பாத்தா "வழுக்கி விழுந்தார், கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது", அவ்ளோதான். எத்தன மணிக்கு, கால்ல என்ன செருப்பு, தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ புதுசா ஆரம்பிச்சாங்களா, பெல் கைக்கு எட்டுச்சா, லைட் எரிஞ்சுதா, ஒண்ணும் இல்ல. உண்மைய எழுதினா நம்ம தலையில தான் விடியும்னு ஸ்டாஃபுக்கு பயம், அவங்கள சொல்லியும் குத்தமில்ல, இத்தன நாள் மெமோ தான் குடுத்திருக்காங்க.

தர மேம்பாட்டு நிபுணர் டெமிங் சொன்ன பிடிஎஸ்ஏ மாதிரி, அதாவது திட்டம் போட்டு, சின்னதா செஞ்சு, என்ன ஆச்சுன்னு பாத்து, அப்புறம் மாத்திக்கிறது, அப்படி ஒரே ஒரு வராண்டா ரூம்கள்ல மட்டும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, நடு ராத்திரி ஒரு ரவுண்ட்.

என் சந்தேகம், சின்ன ஹோம்ங்கறதால மாசக்கணக்கு ஒரு மாசம் ஏறும் ஒரு மாசம் இறங்கும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. ஆயிரம் படுக்கை நாளுக்கு (ஒருத்தர் ஒரு நாள் தங்கினா ஒரு படுக்கை நாள்) எத்தன தடவ விழுந்தாங்கன்னு போடுறீங்களா, இல்ல ஒருத்தர் விழுந்ததுக்கும் அடுத்து விழுந்ததுக்கும் நடுவுல எத்தன நாள்னு சார்ட் போடுறீங்களா?

அப்புறம் ரொம்ப முக்கியமா, நைட் ஷிஃப்ட் சீனியர் அக்காங்க "இதெல்லாம் எத்தன பாத்துட்டோம்"னு சிரிக்கிறாங்க, வேல தெரிஞ்சவங்க வேற, அவங்கள பகைச்சுக்காம எப்படி உள்ள கொண்டு வந்தீங்க?