சின்னப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, கூட்டம், சேர்க்கை: உங்கள் ஊரில் எப்படி நடந்தது?

குழுத் தலைவி

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தம் 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இந்த மாதக் கடைசியில் ஆண்டு விழா. அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். விழா முடிந்த கையோடு மார்ச்சில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போக வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கிறது. உங்கள் பள்ளிகளில் இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள், யார் வந்தார்கள், யார் எட்டிப் பார்க்கவே இல்லை என்று கேட்கத்தான் இந்தப் பகிர்வை ஆரம்பிக்கிறேன். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2024-இல் மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் என்று ஆனது. எங்கள் 38 பிள்ளைகளும் இருபத்தைந்து, இருபத்தாறு வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய வீட்டுக்கு ஓர் உறுப்பினர்! பெரிய பள்ளிகளில் இந்தப் பதவிகளுக்குப் போட்டியெல்லாம் இருக்குமாம். இங்கே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. நான் தலைவியான கதையும் அதுதான், அன்றைக்கு வந்த அம்மாக்களில் பையில் பேனா வைத்திருந்தது நான் ஒருத்தி.

கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் எப்படியோ வந்துவிடுவார்கள். களையெடுக்கப் போனவர்கள், மில் வேனில் போனவர்கள் எப்படி வருவார்கள்? அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து தீர்மானத்தில் கையெழுத்துப் போடு என்று நான் போய் அவர்களிடம் சொல்ல முடியாது, சொன்னாலும் அது நியாயம் இல்லை.

நேரத்தைக்கூட விடுங்கள், முதலில் செய்தி போய்ச் சேருவதே பெரிய பாடு. வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் இருப்பதெல்லாம் அப்பாக்களின் எண். அதில் பாதிப் பேர் திருப்பூரில், சிலர் கேரளாவில். "நாளை கூட்டம்" என்று ஹெச்.எம். போடுவது திருப்பூர் போய், அங்கே ஷிப்ட் முடிந்து அவர் பார்த்து, ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது ஞாபகம் இருந்தால் சொல்வார். அதற்குள் கூட்டமே முடிந்திருக்கும். சரி, பிள்ளைகளிடமே சொல்லி அனுப்பலாம் என்றால் அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வது ஒரே ஒரு வரி: "டீச்சர் உன்னை வரச் சொன்னாங்கம்மா." அம்மா உடனே கேட்பது, "என்னடா பண்ணித் தொலைச்ச?" பள்ளிக்கூடம் கூப்பிட்டு அனுப்பினாலே புகார்தான் என்று நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு பையன் செய்யாத தப்புக்கு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு மறுநாள் வந்து டீச்சரிடம் முறையிட்டான்.

இப்போது ஹெச்.எம். ஒரு வேலை செய்கிறார். காலை வழிபாட்டில் குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் சொல்ல வேண்டிய வரியைப் பிள்ளைகளை விட்டே சொல்ல வைக்கிறார். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நான் படிச்சுக் காட்டப் போறேன், நீ வா." அவ்வளவுதான். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் மட்டத்துக்கு ஏற்ற ஒரு பக்கத்தை வாசிக்கும். எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பதால் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதில் குழப்பமும் இல்லை. தீர்மானம் கேட்க வராத அம்மாக்கள் இதைப் பார்க்க வருகிறார்கள், மாமியாரை அனுப்புகிறவர்களும் உண்டு. எனக்குப் பாட்டிகள் வருவதுதான் பிடிக்கும், அவர்கள்தான் கழிப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள்.

அப்புறம் ஆண்டு விழா. சின்னப் பள்ளியில் இதன் கஷ்டமே வேறு. 38 பேர்தான், நிகழ்ச்சி பன்னிரண்டு. வரவேற்பு நடனத்தில் ஆடிய பெண்தான் நாடகத்தில் ஔவையார், அவளேதான் கடைசியில் கும்மியிலும் நிற்பாள். பாரதியார் முண்டாசைக் கழற்றினால்தான் கரகாட்டத்துக்கு ஆள் கிடைக்கும். அதனால் எங்கள் நிகழ்ச்சி நிரல் போடுவது எது எதற்குப் பிறகு நன்றாக இருக்கும் என்று பார்த்து இல்லை, யார் எவ்வளவு நேரத்தில் சட்டை மாற்றுவார்கள் என்று பார்த்துத்தான். போன வருடம் ஆண்டறிக்கை வாசிக்கும்போது ஹெச்.எம். ஒரே பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கூட்டம் நெளிகிறது, அவர் "மேலும்... மேலும்..." என்கிறார். விஷயம் என்னவென்றால் திரைக்குப் பின்னால் ஓர் ஔவையாருக்குப் பஞ்சு தலைமுடி ஒட்டவில்லை. துணிக்கு வெளியே ஒரு கை நீண்டு கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் "நன்றி வணக்கம்" வந்தது. சீஃப் கெஸ்ட் அதை ஆழ்ந்த உரை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இப்போது என் கேள்வி. விழாவுக்கு ஊரே திரண்டு வருகிறது, ஆனால் ஜூனில் தனியார் பள்ளி வேன் வந்து நின்றால் அதே ஊர் பிள்ளையை அதில் ஏற்றி அனுப்புகிறது. இதை யாராவது மாற்றியிருக்கிறீர்களா?

கடைசி பெஞ்ச்

மாற்ற முடியாது. விழா நன்றாக இருந்தால் விழா நன்றாக இருந்தது என்பார்கள், அவ்வளவுதான். என் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள், மறுவாரம் பக்கத்து டவுன் பள்ளியில் பணம் கட்டிவிட்டு வந்தாள். கேட்டால் "அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா சொல்லுங்கள்.

ஈராசிரியர்

கடைசி பெஞ்ச் கேட்டதற்கு, அந்த இரண்டு டீச்சரில் ஒருத்தியாகவே பதில் சொல்கிறேன். சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்கிறது. ஆக 59 இருந்தாலும் இரண்டு பேர், 22 இருந்தாலும் இரண்டு பேர். 22 பேரை இரண்டு பேர் பார்த்துக்கொள்வது பிள்ளைக்கு நல்லதுதான், ஆனால் பெற்றோர் எண்ணுவது வகுப்பை, பிள்ளைத் தலையை இல்லை. எங்களுக்கு உண்மையில் சிக்கல் வருவது ஒருவர் பயிற்சிக்குப் போகிற நாளில். மிச்சம் இருக்கிறவர் ஐந்து வகுப்பையும் பார்த்து, வருகைப் பதிவைப் போட்டு, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) கேட்ட விவரத்தையும் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான் யாராவது சேர்க்கைக்கு விசாரிக்க வருவார்கள்.

நாங்கள் ஆண்டறிக்கையை மாற்றினோம். அதற்கு முன்பெல்லாம் ஜூலை 15 காமராசர் பிறந்தநாளான கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடப்பட்டது, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் கொண்டாடப்பட்டது, நவம்பர் 14 குழந்தைகள் தினம் கொண்டாடப்பட்டது என்று போகும். யாருக்கு வேண்டும் இது? எல்லாப் பள்ளியிலும் அதே தேதியில் அதேதான் நடக்கிறது. இப்போது ஜூனில் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இன்றைக்கு மலரில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறோம். சொல்லிவிட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை மேடைக்குக் கூப்பிட்டு, முன்வரிசையில் யாராவது ஒருவர் கையில் இருக்கும் செய்தித்தாளையோ நோட்டீஸையோ வாங்கி வாசிக்க வைக்கிறோம். பயிற்சி கொடுத்த பக்கம் இல்லை என்று ஊருக்கே தெரியும். போன முறை அந்தப் பெண் வாசித்தது ஒரு காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் பெயர்களையெல்லாம் திக்காமல் வாசித்தாள். பத்திரிகைக்குச் சொந்தக்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்னொன்று. சேர்க்கைக்குப் போகும்போது நோட்டீஸில் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு என்று பெரிதாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு. விவரம் தெரிந்த அப்பா, "அப்போ ஆறாவதுக்கு வந்து சேர்த்துக்கறேன் டீச்சர்" என்று சொல்லிவிடுவார். ஒன்றாம் வகுப்புக்கு ஒன்றாம் வகுப்பில் என்ன கிடைக்கிறது என்று சொல்வதுதான் சரி.

ஷார்ஜா தம்பி

நான் முன்னாள் மாணவன். குழுவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள், கூட்டத்துக்கு எப்படி வருவது என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஊரார் பள்ளிக்குச் சீர் கொண்டுபோகும் கல்விச் சீர் நடந்தபோது லீவில் ஊரில் இருந்தேன். மேளம் முன்னால் போக, தாம்பாளத்தில் நோட்டு, பென்சில், உலக உருண்டை, தலையில் பிளாஸ்டிக் நாற்காலி என்று கோயிலிலிருந்து பள்ளி வரை ஊர்வலம். ட்ராக்டரில் ஒரு பீரோ. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் சுவர்க் கடிகாரம் மட்டும் ஏழு. இரண்டு வகுப்பறை, ஏழு கடிகாரம், பாய் ஒன்றுகூட இல்லை, பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரியே அவரவர் நினைத்ததை வாங்கி வந்துவிட்டார்கள்.

பள்ளி வாய்திறந்து கேட்க வேண்டும். எது, எத்தனை, என்ன விலை என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் செட்டில் நான்கு பேர் வெளிநாட்டில் இருக்கிறோம், "பள்ளிக்கு ஏதாவது செய்யுங்க" என்றால் எங்களுக்கும் கடிகாரம்தான் தோன்றும்.

குழுத் தலைவி

ஏழு கடிகாரத்திலும் ஏழு நேரமா தம்பி? பட்டியலைப் பாட்டிகளை வைத்தே எழுதுகிறேன், முதல் வரியில் கழிப்பறைக் கதவு இருக்கும்.

காலை அடுப்பு

நான் மகளிர் குழுவிலிருந்து காலை உணவு சமைக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் எங்கள் ஊருக்கு 2023 ஆகஸ்ட் விரிவாக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து பார்க்கிறேன், பள்ளியில் என்ன நடக்கப்போகிறது என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். பிள்ளைகள் தட்டைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். யாருக்கு என்ன வேஷம், யாருக்கு டீச்சர் மேல் கோபம், எந்த வீட்டில் அடுத்த வருடம் வேனில் அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம். அதனால் ஹெச்.எம். சொல்ல வேண்டிய செய்தியை இப்போது என்னிடமும் சொல்லிவிடுகிறார். குட்டிப் பிள்ளைகளை விட வருகிற அம்மாக்கள் அடுப்படிப் பக்கம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள், கூட்டம் பற்றி அங்கேயே காதில் போட்டுவிடுவேன். பொங்கல் போடுகிற நாளில் கொஞ்சம் அதிகமாகவே நிற்பார்கள்.

என் விஷயம் ஒன்று. இந்த வேலைக்கு நம் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் மகள் இப்போது ஐந்தாவது. ஜூனில் அவள் ஆறாவதுக்குப் போனால் எனக்கும் இதுதான் கடைசி ஆண்டு விழா. அடுத்து வருகிறவளுக்கு இந்தச் செய்தி சொல்லும் வேலையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கடைசி பெஞ்ச்

அக்கா, இதைப் படித்த பிறகு எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஆனாலும் என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

ஈராசிரியர்

முழுப் பதில் என்னிடமும் இல்லை. எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்று உண்டு. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக் கொடுத்தோம். அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வர வேண்டியது அவர்கள்தானே. நான்கு வயது பிள்ளை மேடை ஏறினால் அதன் அப்பா திருப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறார். சேர்க்கைப் படிவத்தை மேடையில் வைத்து அறிவிக்கவில்லை, செருப்பு விடுகிற இடத்தில் ஒரு மேசை போட்டு முன்னாள் மாணவி ஒருத்தியை உட்கார வைத்தோம், போகிறபோது கேட்டவர்களுக்கு அவள் எழுதிக் கொடுத்தாள். வேனில் போக இருந்தவர்களில் எல்லோரும் வரவில்லை, சிலர் வந்தார்கள். கூட்ட நேரம் பற்றித் தலைவி சொன்னதற்கும் ஒன்று: மூன்று மணிக்கு வர முடியாதவர்கள் கேட்பதை எழுதி வாங்கிக் கிராம சபையில் வையுங்கள். எங்கள் சுற்றுச்சுவருக்கு அக்டோபர் 2 சபையில்தான் வழி பிறந்தது. அடுத்த சபை மார்ச் 22.

குழுத் தலைவி

அங்கன்வாடிக்கு ஒரு பாட்டு என்றால் நிகழ்ச்சி பதின்மூன்று ஆகிவிடும். ஆனால் அவர்களுக்குச் சட்டை மாற்ற வேண்டியதில்லை, ஔவையார் தயாராகிற நேரத்துக்கு அதையே போட்டுவிடலாம், ஹெச்.எம். "மேலும்... மேலும்..." சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். நாளைக்குக் காலையில் அங்கன்வாடி டீச்சரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மார்ச் 22 சபைக்கு எங்கள் ஊரிலிருந்து யார் யார் வருகிறீர்கள்?