காந்தல்லூர்ப் பழைய ஆப்பிள் மரம்: என்ன ரகம்?

வணக்கம். காந்தல்லூரில் எங்கள் தோட்டத்தில் தாத்தா கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து வைத்த ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. பழம் சிறியது, லேசாகத் தட்டை. மஞ்சள் கலந்த இளம்பச்சை, வெயில் பட்ட பக்கம் மட்டும் மங்கிய சிவப்பு. மற்ற மரங்களுக்கு முன்பே பழுத்துவிடும். பறித்த கையோடு தின்றால் மணமே தனி. சில நாள் வைத்தால் மாவாகிவிடும், சந்தைக்கு ஆகாது. முக்கியமாக, காய் கிளை நுனியில்தான் பிடிக்கிறது.

அயர்லாந்தின் ஏறக்குறைய 200 வருடப் பழைய ஆப்பிள் ரகமான ஐரிஷ் பீச்சும் நுனியில் காய்ப்பதுதான், அதனால் இது அதுவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். பக்கத்துத் தோட்டத்து மாமா பார்லின்ஸ் பியூட்டி என்ற வேறொரு ஆப்பிள் ரகம் என்கிறார், எனக்கென்னவோ நம்பிக்கையில்லை.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் ஐரிஷ் பீச் வைத்திருப்பவர்கள் பழத்தை வெட்டி ஒரு படம் போடுங்களேன். அப்புறம், நுனிக்காய்ப்பு கெடாமல் கவாத்து (கிளை வெட்டிவிடுவது) செய்வது எப்படி? வேறு செடியில் ஒட்டுக்கட்ட இதிலிருந்து ஒட்டுக்குச்சி எந்த மாதம் எடுக்கலாம்?