பழைய ட்ரெய்லருக்கு 6,000 டாலர்: லித்தியமா, டயரா?

டாலஸ்_ராசா
போன மாதம் ட்ரக்குக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு, ஒரு 22 அடி ட்ராவல் ட்ரெய்லரைப் பழையதாக வாங்கினேன், 2016 மாடல். ஜூனில் திருச்சியிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். நாங்கள் நாலு பேரும் மூன்று வாரம் நியூ மெக்சிகோ, அரிசோனா சுற்றுவதாகத் திட்டம். மேம்படுத்த 6,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். 200 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி, கூரையில் 400 வாட் சோலார், 3,000 வாட் இன்வெர்ட்டர், இவைதான் என் பட்டியல். கரண்ட் இணைப்பு இல்லாத இடத்திலும் ஏசி ஓட வேண்டும், அம்மாவுக்கு மிக்சி ஓட வேண்டும். சரியா?

புழுதிப்பாதை
மூன்று கேள்வி கேட்கிறேன் தம்பி. டயருக்கு எத்தனை வயசு? கூரையில் ஏறிப் பார்த்தீர்களா? ட்ரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று. அதில் என்ன எண்?

லித்தியம்_தாசன்
வந்துட்டாருய்யா. யார் எது கேட்டாலும் அண்ணன் டயரில்தான் போய் நிற்பார் :) ராசா, உங்கள் பட்டியல் நல்ல பட்டியல். பழைய ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுசையும் எடுக்கலாம். அரிசோனாவில் நடுவண் அரசின் பொதுநிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை காசில்லாமல் தங்க விடுகிறார்கள். அங்கே கரண்ட் கம்பமும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. சொந்தமாகக் கரண்ட் இருப்பவனுக்குத்தான் அந்த இடமெல்லாம்.

புழுதிப்பாதை
பேட்டரியை நான் குறை சொல்லவே இல்லை. ஏசியைச் சொல்கிறேன். கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,400 வாட் இழுக்கும். 200 ஆம்ப்-அவர் லித்தியம் என்றால் கையில் இருப்பது 2,560 வாட்-அவர். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் முழுதாக இரண்டு கிலோவாட்-அவர் கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக நாள் முழுக்கச் சேர்த்ததை ஏசி மாலைக் காப்பி நேரத்துக்குள் குடித்துவிடும். ராத்திரி அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஏசி வேண்டுமா, கரண்ட் இருக்கும் முகாமில் 30 ஆம்ப் பிளக்கைச் செருகுங்கள். இல்லையென்றால் நம்மூரில் சித்திரை வெயிலுக்கு ஊட்டிக்கு ஓடுவது மாதிரி மலைக்கு ஏறுங்கள். பீனிக்ஸ் சுமார் 330 மீட்டர் உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தாலும் 11 டிகிரி வித்தியாசம், செலவில்லாமல்.

லித்தியம்_தாசன்
ஏசி கணக்கில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஏசியில் சாஃப்ட் ஸ்டார்ட் (கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் கருவி) மாட்டி, 2,200 வாட் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினால் முடிந்தது.

புழுதிப்பாதை
உயரம் ஏற ஏற ஜெனரேட்டருக்கு மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு மூன்று, மூன்றரை சதவீதம் சக்தி போகும்.

லித்தியம்_தாசன்
மேலே ஏறிய பிறகு ஏசி எதற்கு? நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்!

மிக்சி_அக்கா
இரண்டு பேரும் கரண்டையே பேசுகிறீர்கள். போன வருஷம் நாங்கள் மாமனார், மாமியாரோடு ஐந்து வாரம் ட்ரெய்லரில் இருந்தோம். மிக்சியால் எந்தத் தொல்லையும் இல்லை. 750 வாட் மிக்சியில் ஒரு நிமிஷம் சட்னி அரைத்தால் போவது 12, 13 வாட்-அவர். இண்டக்‌ஷன் அடுப்பைத்தான் கொண்டு போகாதீர்கள். கேஸ் இருக்கிறதே.

எங்களை அழவைத்தது தண்ணீர். மூன்றாம் நாள் மாமியார் அரிசி களைந்து, பருப்புப் பாத்திரம் கழுவி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று குளியலறையிலிருந்து மாமனார் சத்தம். ஷவர் தரையில் மஞ்சளாகத் தண்ணீர் பொங்கி வருகிறது, மேலே இரண்டு கறிவேப்பிலை மிதக்கிறது. கீழே கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. வண்டிக்குள் மற்ற வடிகால்களைவிடத் தாழ்வானது ஷவர் வடிகால்தான், அதனால் அந்த வழியாக ஏறிவிட்டது. அன்றிலிருந்து பாத்திரத்தை முதலில் காகிதத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவது. தொட்டியிலிருந்து கழிவை மாற்றி இழுத்துப் போக ஒரு சக்கரத் தொட்டியும் வாங்கினோம். எங்கள் செலவிலேயே உருப்படியானது அதுதான்.

அப்புறம் மெத்தை. கம்பெனி மெத்தை பெயருக்குத்தான் குயின், நீளத்தில் வீட்டு மெத்தையைவிட ஐந்து அங்குலம் குட்டை. உங்கள் அப்பா உயரமா?

டாலஸ்_ராசா
அப்பா ஆறடி அக்கா. மெத்தையைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

புழுதிப்பாதை அண்ணா, ஸ்டிக்கரில் 1,480 பவுண்டு. டயரில் கடைசி நாலு எண் 2316. இது என்ன?

புழுதிப்பாதை
2016-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். வண்டியோடு பிறந்தது. டயர் பட்டன் தேயாமல் பளிச்சென்று இருக்கும், நம்பாதீர்கள். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டியது. வெடித்தால் டயரோடு போகாது, சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு, குழாய், ஒயர் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போகும். நாலையும் மாற்றுங்கள், சக்கர பேரிங்குக்குக் கிரீசும் போடுங்கள்.

இப்போது எடை. சாமானோடு ட்ரெய்லர் 5,500 பவுண்டு என்று வையுங்கள். அதில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கோடு இணைக்கும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும், குறைந்தால் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். 13 சதவீதம் என்றாலே 715 பவுண்டு. நாலு பேர் 620. ஸ்டிக்கரின் 1,480-இல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 145 பவுண்டு. ட்ரக்கில் பெட்டி வைக்க இடம் இருக்கிறதா, சொல்லுங்கள். திருச்சியிலிருந்து வரும் பெட்டிகளை நான் எண்ணவே இல்லை.

லித்தியம்_தாசன்
அண்ணா, இங்கேதான் உங்களைப் பிடித்தேன். 100 ஆம்ப்-அவர் ஈய பேட்டரி ஒன்று முப்பது கிலோவுக்குப் பக்கம், லித்தியம் 12 கிலோ. அவை இருப்பது கொக்கிக்கு மேலேயே. இரண்டை மாற்றினால் 35 கிலோ முன்பக்கத்தில் குறையும். எடைக்காகவே லித்தியம் வாங்கலாம்!

புழுதிப்பாதை
இது நியாயம். வாங்கட்டும். ஆனால் பழைய சார்ஜர் ஈய பேட்டரிக்கென்று செய்தது, லித்தியத்தை முழுசாக ஏற்றாது. அதையும் மாற்றக் காசு வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யவும் கூடாது. ஜூனில் கவலை இல்லை, டிசம்பரில் மலைக்குப் போனால் ஞாபகம் இருக்கட்டும்.

டாலஸ்_ராசா
இன்று கூரையில் ஏறினேன். முன்பக்கக் கூரை ஜன்னல் மூடியைச் சுற்றி சீலண்ட் (தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பசை) வெடித்திருக்கிறது. உள்ளே அலமாரி மூலையை விரலால் அழுத்தினால் ஊறவைத்த பிஸ்கட் மாதிரி அமுங்குகிறது. பக்கத்துக் கடையில் பழுதுபார்க்க 1,900 டாலர் கேட்கிறார்கள். 3,000 வாட் இன்வெர்ட்டரை 1,000 ஆக்கி, சோலாரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

லித்தியம்_தாசன்
பாதியாக்குங்கள், ஆனால் ஒயரை மட்டும் 400 வாட்டுக்கு ஏற்ற கனத்தில் இப்போதே இழுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் நீங்களே என்னிடம் வருவீர்கள்.

மிக்சி_அக்கா
கடைக்காரர் அந்த அலமாரியைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள் தம்பி. எங்கள் வண்டியில் ஈரம் கட்டில் வரைக்கும் போயிருந்தது.