மறுமொழி: ‘ஃபிஷிங்’ தளத்துக்குத் தமிழில் ‘பறிதளம்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உண்மையான நுழைவுப் பக்கம் போல நடித்துக் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும் ‘ஃபிஷிங்’ தளத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். தூண்டிலிடல், மின்தூண்டில், போலித்தளம், ஏமாற்றுத்தளம், ‘ஃபிஷிங்’ என்றே விட்டுவிடலாம் என்ற யோசனை. எல்லாவற்றுக்கும் நன்றி. இவற்றில் எதுவும் என் தேவைக்குச் சரியாக உட்காரவில்லை. வேறு ஒரு சொல்லை முன்வைக்கிறேன், அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: வட சென்னையில், தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாலை டியூஷனுக்குக் காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் கையில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், மீதிப் பேர் கையில் பிஜிஎம்ஐ, இரண்டும் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற ஒன்றிரண்டு பேர் ரோப்லாக்ஸ், ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளங்கள் பக்கம் போகிறார்கள். இவர்கள் ஐடி, அதாவது விளையாட்டுக் கணக்கு, அடிக்கடி களவு போகிறது. சுவரில் ஒட்ட ஒரு பக்க அறிவிப்பு எழுத வேண்டும், அதற்குத்தான் சொல் கேட்டேன்.

> உலகம் முழுக்கப் புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? ஃபிஷிங் என்றே எழுதுங்கள்.

ஐயா, உலகத்துக்குப் புரியலாம், காசிமேட்டில் புரியாது. இங்கே ஃபிஷிங் என்றால் ஃபிஷிங் ஹார்பர். ‘ஃபிஷிங் மோசடி, எச்சரிக்கை’ என்று சுவரில் ஒட்டினால், ஏலக்கூடத்தில் ஏதோ தகராறு என்றுதான் பெரியவர்கள் படிப்பார்கள். 1990களின் நடுவில் ‘அமெரிக்கா ஆன்லைன்’ என்ற இணைய நிறுவனத்தின் பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடியவர்கள் மத்தியில் பிறந்த சொல் அது. தொலைபேசிக் கட்டமைப்பை ஏமாற்றியவர்களின் பழைய பட்டப்பெயரை ஒட்டி, மீன்பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான ‘எஃப்’ஐ ‘பிஎச்’ என்று மாற்றிக்கொண்டார்கள். எழுத்தில் தெரிகிற அந்த வித்தியாசம் தமிழில் எழுதும்போது அப்படியே மறைந்துவிடுகிறது. நம் கையில் மிஞ்சுவது வெறும் மீன்பிடிதான்.

> தூண்டிலிடல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாமே.

இதற்கு இரண்டு மறுப்பு உண்டு. முதலாவது மனம் சம்பந்தப்பட்டது. டியூஷனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையில் கட்டிவிட்டு, கடனை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் தொழிலின் சொல்லைத் திருட்டுக்குப் பெயராக வைத்து அவர்கள் தெருவிலேயே ஒட்ட எனக்குக் கை வராது.

இரண்டாவது மறுப்புதான் முக்கியம். தூண்டில் என்ற சொல் இரையைக் காட்டுகிறது. ஐடி போவதோ இரையிடத்தில் இல்லை. அது எங்கே போகிறது என்பதை ஒரு பையனின் போனை வைத்தே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் விளையாடும் ஸ்குவாடின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுட்டி வந்தது: ‘இன்னிக்கு மட்டும் டைமண்ட் ஃப்ரீ’. டைமண்ட் என்பது ஃப்ரீ ஃபயருக்குள் காசு கொடுத்து வாங்கும் நாணயம். தட்டினான். திறந்த பக்கத்தில் ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரேனா நிறுவனத்தின் சின்னம், விளையாட்டில் வரும் ஈவோ துப்பாக்கியின் படம், கீழே ஃபேஸ்புக், கூகுள் என்று இரண்டு பொத்தான். கூகுளைத் தட்டினான், ஜிமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டது, போட்டான். ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தது. மறுபடி நிதானமாகப் போட்டான். இப்போது பக்கம் மாறி உண்மையான கரேனா தளமே வந்து நின்றது. சரி, ஏதோ நெட்வொர்க் பிரச்சினை என்று போனைக் கீழே வைத்துவிட்டான். முதல் தடவை ‘தவறு’ என்று சொன்னதே, அவன் தட்டச்சுப் பிழை இல்லாமல் இன்னொரு முறை கொடுக்கட்டும் என்பதற்காகத்தான். கடைசியில் உண்மைத் தளத்துக்கு அனுப்பியது, சந்தேகம் வராமல் இருக்க.

மறுநாள் ஐடிக்குள் போக முடியவில்லை. ‘அண்ணா, என் ஐடியை ஹேக் பண்ணிட்டாங்க’ என்று வந்து நின்றான். அந்த ஜிமெயில் அவன் அம்மாவுடையது. போனும் அம்மாவுடையதுதான். குடும்பப் படங்கள், தொடர்பு எண்கள், வங்கியிலிருந்து வரும் மடல்கள் எல்லாம் அந்தக் கணக்கோடு சேர்ந்தவை. விளையாட்டு ஐடியோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன்.

‘ஹேக் பண்ணிட்டாங்க’ என்ற வாசகம்தான் என்னை உறுத்துகிறது. எங்கேயோ உட்கார்ந்து ஒரு கெட்டிக்காரன் பூட்டை உடைத்துவிட்டான், நம்மால் என்ன செய்ய முடியும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில் எந்தப் பூட்டும் உடையவில்லை. ஒரு பக்கம் கேட்டது, இவன் தன் விரலால் கொடுத்தான். இதைச் சொல்லத் தமிழில் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வினை இருக்கிறது: பறிகொடுத்தல். ‘பேருந்தில் நகையைப் பறிகொடுத்தார்’ என்று தினமும் படிக்கிறோம். எடுத்தவன் செய்த குற்றம் ‘பறி’யில் நிற்கிறது, நம் கையிலிருந்து போனது என்பது ‘கொடு’வில் நிற்கிறது. இழந்தவரை யாரும் குற்றவாளி என்று நினைப்பதும் இல்லை. ‘ஐடியைப் பறிகொடுத்தேன்’ என்று ஒரு பையன் சொல்லப் பழகினால், ‘எங்கே, எந்தப் பக்கத்தில்?’ என்ற கேள்வி தானாக அடுத்து வரும். அந்தக் கேள்விக்கு விடையாக வருவதுதான் நான் முன்வைக்கும் சொல்: பறிதளம்.

போலித்தளம் என்பது பொருந்தாதா என்று பெரம்பூர் அம்மா கேட்டிருந்தார்கள். அது பெரிய குடை, அம்மா. பொருள் அனுப்பாத கடையும் போலித்தளம்தான், பொய்ச் செய்தி போடுவதும் போலித்தளம்தான். எனக்கு வேண்டியது, நுழைவுப் பக்கம் போல நடித்துக் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும் தளத்துக்கு மட்டும் ஒரு பெயர்.

எண்ணூர் நண்பர் தனி மடலில் எழுப்பிய தடை நியாயமானது, அதை எல்லோர் முன்னும் வைக்கிறேன். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பல்லால் கவ்வியிருக்கும் ஓலைப்பைக்குப் ‘பறி’ என்றுதான் பெயர். தூண்டிலுக்குச் சொன்ன நியாயம் பறிக்கும் பொருந்தாதா என்கிறார். பொருந்தும், ‘பறி’யைப் பெயர்ச்சொல்லாக எடுத்தால். அதனால்தான் நடுவில் ‘த்’ என்ற ஒற்றெழுத்தைப் போடாமல் எழுதச் சொல்கிறேன். வலை என்ற பெயரோடு தளம் சேர்ந்தால் வலைத்தளம், த் மிகும். பறித்தளம் என்று எழுதினால் அது ஓலைப்பையின் பக்கம் போய்விடும். பறிதளம் வினைத்தொகை: பறித்த, பறிக்கிற, பறிக்கும் தளம். எரிபொருள், குடிதண்ணீர், எறிகணை எல்லாம் இப்படித்தான் ஒற்று மிகாமல் நிற்கின்றன. மூன்று காலமும் அதில் அடங்குவது இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஒரு பறிதளத்தை மூடினால் அதே பக்கத்தை வேறு முகவரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

பேச்சில் ‘பரி’ என்றுதானே காதில் விழும் என்ற கேள்வியும் வரும். அறிவிப்பில் முதல் தடவை ‘கடவுச்சொல்லைப் பறிக்கும் தளம், அதாவது பறிதளம்’ என்று எழுதிவிட்டால் அப்புறம் குழப்பம் இல்லை.

இந்த வேரிலிருந்து மற்றவையும் எளிதாக வருகின்றன. பறிதளத்துக்குக் கூட்டிப்போகும் இணைப்பு பறிசுட்டி. மின்னஞ்சலில் வந்தால் பறிமடல். செயலுக்குப் பெயர் வேண்டுமென்றால் வலைப்பறி. வழிப்பறியை அறிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இந்தக் கடைசிச் சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை, பறிதளத்தில் உண்டு.

சொல் நின்றால் மட்டும் போதாது, அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் முடிய வேண்டும். அறிவிப்பில் எழுதப்போவதைச் சுருக்கமாகத் தருகிறேன், சொல் அதில் இடறுகிறதா என்று பாருங்கள்.

கரேனாவின் உண்மையான பரிசுக் குறியீட்டுத் தளமும் ஃபேஸ்புக், கூகுள் போன்ற கணக்கு வழியாகத்தான் உள்ளே விடுகிறது, விருந்தினர் கணக்கை ஏற்பதில்லை. குறியீட்டைப் போட்டால் பரிசு விளையாட்டுக்குள் இருக்கும் மடல்பெட்டிக்கு வரும். ஆகவே ‘உள்நுழையச் சொன்னாலே பறிதளம்’ என்று எழுத முடியாது. பிள்ளைகள் ஏமாறுவதே இந்த ஒற்றுமையால்தான். அடையாளம் முகவரியில் இருக்கிறது. முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ஸுக்குப் பின்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டில் விரலை வைத்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அங்கே ‘கரேனா.காம்’ என்று முடிந்து, ‘கரேனா’வுக்கு முன்னால் புள்ளியோ இரட்டைச் சாய்கோடோ மட்டும் இருந்தால் அது கரேனாவின் தளம். ‘கரேனா.காம்-ரிவார்டு.எக்ஸ்ஒய்இசட்’ என்று இருந்தால் உரிமையாளர் ‘காம்-ரிவார்டு.எக்ஸ்ஒய்இசட்’ என்ற யாரோ ஒருவர். முன்னால் இருக்கிற கரேனா வெறும் ஒப்பனை. ‘.கோ.இன்’ என்று முடியும் முகவரியில் மட்டும் இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் தள்ளிப் படிக்க வேண்டும். இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே பிடித்துக்கொள்கிறது.

பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டு வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்றுதான் சொல்லும், மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லாது. பறிதளங்களும் பூட்டு வாங்கி மாட்டிக்கொள்கின்றன. 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

ஸ்டீம் விளையாடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. ‘எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு’, ‘தவறுதலாக உன்மேல் புகார் கொடுத்துவிட்டேன், சரிசெய்ய இங்கே வா’ என்று வரும் பறிசுட்டிகள் பழையவை. 2022இல் வெளிவந்த ஒரு தந்திரம் இன்னும் நுணுக்கமானது. பக்கத்துக்குள்ளேயே ஒரு சாளரத்தை வரைந்து, அதன் மேல் ஸ்டீமின் சரியான முகவரியையும் படமாக எழுதிவிடுவார்கள். முகவரியைப் படிக்கக் கற்ற பிள்ளையும் இதில் மாட்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சாளரத்தைப் பிடித்து உலாவியின் ஓரத்துக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். வரைந்த சாளரம் ஓரத்தைத் தாண்டாது. போனில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அங்கே ஒரே விதிதான்: சுட்டி வழியாகப் போய்க் கடவுச்சொல் போடாதே, செயலியை நீயே திற. கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பும் செயலி, அதாவது கடவுச்சொல் காப்பான், வைத்திருந்தால் அதுவும் கைகொடுக்கும். முகவரி வேறு என்றால் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. நிரப்பவில்லையே என்று பிள்ளை கையால் தட்டச்சு செய்யத் தொடங்குகிற நிமிடம்தான் ஆபத்து.

விளையாடுகிறவர்கள் அரட்டை அடிக்கும் டிஸ்கார்டில், அதன் கட்டணச் சந்தாவான நைட்ரோவை இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ஸ்கேன் செய்து ஒப்புக்கொண்டால் அனுப்பியவன் நம் கணக்கில் உள்ளே போய்விடுவான், கடவுச்சொல்லே தேவைப்படாது. ரோப்லாக்ஸில் உலாவியின் குக்கீயை, அதாவது நாம் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் குறிப்பை, நகலெடுத்துத் தரச் சொல்வார்கள். ‘இதை யாருக்கும் தராதே’ என்ற எச்சரிக்கையோடுதான் அந்தக் குக்கீயே தொடங்கும், ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகள் படிப்பதில்லை. இந்த இரண்டுக்கும் பறிதளம் என்ற சொல் நேராகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலைப்பறி என்ற பொதுச்சொல் இங்கேதான் வேண்டியிருக்கிறது.

விளையாட்டு தடைபடுகிற காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2022 பிப்ரவரியில் இந்தியாவில் ஃப்ரீ ஃபயர் (மேக்ஸ் இல்லை, பழைய பதிப்பு) தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ செயலிக் கடைகளிலிருந்து போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் இந்தியா வருகிறது என்று 2023இல் அறிவித்துவிட்டுத் தள்ளிவைத்தார்கள். இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் ‘இங்கே டவுன்லோடு’ என்று கண்ட இடத்தில் எல்லாம் கை வைப்பார்கள்.

பறிகொடுத்த பிறகு செய்ய வேண்டியதையும் அறிவிப்பில் சேர்க்கிறேன். முதல் வேலை கூகுள் அல்லது ஃபேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுவது. விளையாட்டு ஐடியை மீட்பது அதற்கு அடுத்தது, அதை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில்தான் கேட்க வேண்டும். மீட்டுத் தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவன் இன்னொரு பறிசுட்டி வைத்திருப்பான். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அடி விழும் என்று மறைக்கிற அந்த ஒரு இரவில்தான் மிச்சமும் போகிறது. இதைப் பெற்றோர் படிக்கும்படி பெரிய எழுத்தில் போடப் போகிறேன்.

இலக்கணத்தில் தேர்ந்தவர்கள் ஒற்று விஷயத்தில் மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘ஐடி’யைக் கணக்கு என்று மாற்றச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று நினைக்கிறேன். கணக்கு என்றால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம், பெற்றோருக்கு வங்கி. அறிவிப்பில் ஐடி என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து