இட்டேரிக்கும் வாய்க்கா மேட்டுக்கும் 140 ஃபோர்க் வேணுமா, 120 பத்துமா?

சென்னிமலை சவாரி:
ஒரு கொழப்பமுங்க, சொல்லி உடுங்க. என்ற வண்டி 29 இன்ச் மலைச் சைக்கிளு, பின்னாடி ஷாக் இல்லாத ஹார்ட்டெயில், முன்னாடி ஃபோர்க் சன்டூர் எக்ஸ்சிஎம், காயில் ஸ்பிரிங், அமுங்கற தூரம் 100 மி.மீ. நான் 84 கிலோ. ஓட்டறது சென்னிமலை அடிவாரம், கீழ்பவானி வாய்க்கா மேடு, மிச்ச நேரம் எங்கூரைச் சுத்தி இட்டேரிதான், ரெண்டு வேலிக்கு நடுவுல போற வண்டித்தடம். அங்க மழைக்கு மண்ணு அரிச்சுட்டுப் போயி கல்லு மட்டும் துருத்திட்டு நிக்குது, வேகமா எறங்குனா ஃபோர்க் அடி வரைக்கும் போயி டொக்குனு இடிக்குது, அப்பறம் ஆட்டுக்குட்டியாட்டம் துள்ளுது. மேல இருக்கற குமிழை முழுசா திருகியும் ஒண்ணும் ஆகலை. 140 ஏர் ஃபோர்க் போட்டா சரியாயிருமா? 30 ஆயிரம் வெச்சிருக்கேன். சத்தியமங்கலம் காட்டுக்குள்ள ஓட்டற ஆசையெல்லாம் இல்லீங்க, அது 2013ல இருந்தே புலிகள் காப்பகம்.

வாய்க்காமேட்டான்:
அந்தக் குமிழு ப்ரீலோடுங்க, ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வெக்கும், அவ்வளவுதான், ஸ்பிரிங் கெட்டியாகாது. உங்க எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு. ஏர்ல அந்த வம்பே இல்லை, எடைக்குத் தகுந்தாப்ல காத்தடிச்சுக்கலாம்.

ஆனா 140 வேண்டாமுங்க. 100க்குன்னு செஞ்ச ஃப்ரேம்ல 20 மி.மீ. ஏத்துனா ஹெட் ஆங்கிள், அதாவது ஃப்ரேமோட முன் குழாய் நிக்கற சாய்வு, ஏறக்கொறைய 1 டிகிரி சாயும், 40 ஏத்துனா 2 டிகிரி, ஏத்தத்துல முன்சக்கரம் தானா அலையும், அந்த முன் குழாய், ஹெட் டியூப்ல விழுற பாரமும் கூடும். கம்பெனி எத்தனை வரைக்கும் போடலாம்னு சொல்லியிருக்காங்கன்னு பாருங்க, அனேகமா 120தான் இருக்கும். இட்டேரிக்கு 120 தாராளமா பத்தும்.

அமுங்கற மில்லிமீட்டரை விட ஃபோர்க்கோட கால் தடிமன் முக்கியமுங்க. ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஃபோர்க்குல ஜூடி 30 மி.மீ., ரீகான் 32, பைக் (Pike) 35. உங்க எடைக்கு 32க்குக் கீழ எறங்காதீங்க, பிரேக் புடிச்சா வளையறது கையிலயே தெரியும்.

பழைய செயின்:
எல்லாம் சரி, டயர்ல எத்தனை காத்துன்னு ஒருத்தரும் கேக்கலையே. பஞ்சர் கடையில 50 அடிச்சுட்டு ஃபோர்க்கைத் திட்டற ஆளுகளை நெறையப் பாத்துட்டேன். 30க்கு கொறைச்சு ஒரு நாளு ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் காசை எடுங்க.

சென்னிமலை சவாரி:
அட கெரகமே, 48 இருந்துதுங்க! 30க்கு எறக்குனதுல பாதி ஆட்டம் போயிருச்சு. ஆனா டொக்கு இன்னும் இருக்குது. அளந்தும் பாத்துட்டேன்: ஸ்டியரர், அதான் ஹெட் டியூப்புக்குள்ள போற ஃபோர்க் குழாய், மேலயும் கீழயும் ஒரே தடிமன், 28.6 மி.மீ. பேரிங் கப்பைக் கழட்டிப் பாத்தா ஹெட் டியூப் உள்ளளவு 44. முன்சக்கரம் லீவரைத் திருப்புனா கழல்ற குயிக் ரிலீஸ்.

வாய்க்காமேட்டான்:
44ஆ, தப்பிச்சீங்க. கீழ வெளிப்பக்கம் உக்கார்ற கப் போட்டா, அடியில தடிச்சிருக்கற டேப்பர் ஸ்டியரர் எறங்கும். 34ஆ இருந்திருந்தா நேர் ஸ்டியரர்தான், வேற வழியில்லை. சக்கரம்தான் வம்பு. இப்ப வர்ற நல்ல ஃபோர்க் முக்காவாசி 15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகலத்துல பூஸ்ட் ஆக்ஸில், உங்க ஹப் அதுல உக்காராது, முன்சக்கரமும் சேத்து வாங்கோணும். நேர் ஸ்டியரர், குயிக் ரிலீஸ்ல ஏர் ஃபோர்க் கெடைக்குது, மலிவுதான், ஆனா அது பாதி வேலைங்க. நானா இருந்தா ரீகான் 120 ஒண்ணைப் போட்டு மிச்சக் காசுல சக்கரம் கட்டுவேன்.

பழைய செயின்:
ஷாக் பம்பு ஒண்ணும் வாங்கிருங்க, கடைக் கம்ப்ரெசரைக் கிட்டயே கொண்டு போகாதீங்க, உள்ள காத்து புடிக்கற எடம் சின்னது, ஒரு நொடியில எக்குத்தப்பா ஏறிரும். நின்னு பெடல் மேல ஏறுனா ஃபோர்க் 24ல இருந்து 30 மி.மீ. எறங்கோணும், கால்ல ரப்பர் வளையம் இல்லீன்னா கேபிள் டை ஒண்ணு சுத்தி வெச்சுப் பாருங்க. துள்ளுனா ரீபவுண்டை, அதாவது அமுங்குன ஃபோர்க் திரும்பி எழற வேகத்தை, ஒவ்வொரு கிளிக்கா மெதுவாக்குங்க.

நம்மூரு செம்மண்ணு சீலைத் தின்னுரும், ஓட்டி முடிச்சதும் காலைத் துணியில தொடைங்க, பைக் வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர்ல அடிக்க வேண்டாம். ராக்‌ஷாக்ஸ்காரங்களே 50 மணி நேரத்துக்கு ஒருக்கா கீழ்க் காலைக் கழட்டி ஆயில் மாத்தச் சொல்றாங்க.

ஸ்டியரரை அறுக்கறதுக்கு லேத்து பட்டறையில குடுக்கறீங்கன்னா பழைய ஃபோர்க்கை அளவா வெக்காதீங்க, புது கப்பு தனி உசரம். எல்லா ஸ்பேசர் வளையத்தையும் போட்டு வண்டியில மாட்டிப் பாத்துட்டு கோடு போடுங்க, ஒரு ஸ்பேசர் உசரம் சேத்தியே வெச்சு அறுங்க.

சென்னிமலை சவாரி:
சரிங்க, ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் போறேன், ரீகான் கெடைச்சா சக்கரத்தோட தூக்கிட்டு வர்றேன்.