ஆறரை யூரோத் தண்ணீர்: சின்ன பிரெஞ்சு உணவகங்கள் மீது ஏன் இந்தப் பழி?

குசினிக்காரன்
சென்ற வாரம் பயணத் திரியில் வைத்தி எழுதியதை அப்படியே இங்கே இடுகிறேன்: “பாரிஸில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் சின்ன பிரெஞ்சு உணவகங்கள் பக்கமே போகாதீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஆறரை யூரோ பிடுங்குகிறார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகளே யோக்கியம்.” இதற்கு முப்பது பேர் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பத்தொன்பது வருடங்களாக இந்த ஊர்க் குசினிகளில் நிற்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கியவன், இன்று அடுப்பில் நிற்கிறேன். எங்கள் கடையில் 26 இருக்கைகள். முதலாளி சமைக்கிறார், மனைவி பரிமாறுகிறார், மூன்றாவது ஆள் நான். சாப்பாட்டின் விலைக்குள் பாணும் சாதாரணத் தண்ணீரும் அடக்கம் என்று 1967 ஜூனில் வந்த அரசாணையே சொல்கிறது. இலவசமாகத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது 2022 தொடக்கத்திலிருந்து சட்டம். ஆகவே எனக்கு ஒரே கேள்விதான். குழாய்த் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிச் சாடிக்குப் பெயர் கராஃப். வைத்தி அவர்களே, “கராஃப்” என்று கேட்டீர்களா, இல்லையா?

வைத்தி
தண்ணீர் என்று கேட்டேன். தாகம் எடுத்தவன் தண்ணீர் என்றுதான் கேட்பான். பாத்திரத்தின் பெயரைச் சொல்லியா கேட்பான்? எங்கள் ஊர் ஓட்டலில் உட்கார்ந்தவுடன் டம்ளர் வந்துவிடும், இலை பிறகுதான் வரும். நாங்கள் சாப்பிட்டது இரண்டு வெங்காய சூப், எனக்குக் கோழி, மனைவிக்கு ஆம்லெட். அவள் முட்டை வரைக்கும்தான். பில்லில் தண்ணீர் 6.50. பாட்டில் மூடியைத் திருகும்போதே அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

குசினிக்காரன்
அதாவது கராஃப் என்று கேட்கவில்லை. நன்றி. திரியைப் பூட்டிவிடலாம்.

வைத்தி
பூட்டுவதற்கு இது உங்கள் குசினி இல்லை. “சாதாரணத் தண்ணீர்” என்று தெளிவாகச் சொன்னேன். நீங்கள் காட்டிய அரசாணையிலும் அதே வார்த்தைதான் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

குசினிக்காரன்
எந்த மொழியில் சொன்னீர்கள்?

வைத்தி
ஆங்கிலத்தில்.

குசினிக்காரன்
அரசாணை பிரெஞ்சில் இருக்கிறது.

புதுவை மைந்தன்
ஐயா இருவரும் சற்றுப் பொறுங்கள். பிரெஞ்சுப் பழக்கவழக்கம் பற்றி எங்கள் ஊர்க்காரனைக் கேட்காமல் நீங்களே பேசிக்கொண்டிருப்பது வேடிக்கையாக இருக்கிறது. என் தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். முதலில் அது கராஃப் இல்லை, கராப். தமிழில் ஆய்த எழுத்தை இப்படி எல்லாம் இழுத்து வைப்பது அழகல்ல.

குசினிக்காரன்
ஃபிரான்ஸ் என்று எழுதும்போது இந்த அழகுணர்ச்சி எங்கே போயிருந்தது? போன வருடம் காப்பித் திரியிலும் இப்படித்தான். பாரிஸ் காப்பி கசக்கிறது என்று நாற்பது பதிவுகள் போட்டுவிட்டு, கடைசியில் பாரிஸுக்கு வந்ததே இல்லை என்று ஒத்துக்கொண்டவர் நீங்கள்.

புதுவை மைந்தன்
வந்ததில்லை என்று சொல்லவில்லை. வந்ததை இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை என்றேன். இரண்டும் வேறு வேறு. நான் பிரான்ஸ் என்றுதான் எழுதுவேன். 1954 நவம்பர் வரை எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள்.

செல்வி_லியோன்
நான் லியோனில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே புஷோன் என்ற சின்ன உணவகங்கள் இருக்கின்றன. மேசைகள் நெருக்கமாக இருக்கும், பக்கத்து ஆளின் முழங்கை உங்கள் தட்டில் படும், முதலாளியம்மா யாரையும் அதட்டுவார். ஆனால் கேட்காமலேயே தண்ணீர்ச் சாடி வந்து உட்கார்ந்துவிடும். வைன் கேட்டால் அடி கனமான 46 சென்டிலிட்டர் சீசாவில் வரும். குசினிக்காரன் அண்ணா, “கேட்டால்தான் தருவோம்” என்பது உங்கள் பாரிஸ்காரர்களின் கஞ்சத்தனம். அதைச் சட்டம் என்று விற்காதீர்கள்.

வைத்தி சாருக்கும் ஒன்று. முதலாளியே நின்று நடத்தும் கடை என்றாலே ஏமாற்று என்கிறீர்களே! யூஜேனி பிரேசியே என்ற அம்மா இந்த ஊரில் அப்படித்தான் கடை நடத்தினார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷ்லின் என்ற உணவக வழிகாட்டி மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. எந்தக் கிளைக்கடைக்கு அது கிடைத்தது? உள்ளே நுழைந்தபோது பொன்ஜூர் என்று வணக்கம் சொன்னீர்களா? அதைச் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், பிறகு எதைக் கேட்டாலும் முகம் அப்படித்தான் இருக்கும்.

வைத்தி
பொன்ஜூர் சொன்னேன். குனிந்து கூடச் சொன்னேன். பொன்ஜூருக்கும் ஆறரை யூரோவுக்கும் என்ன சம்பந்தம்?

குசினிக்காரன்
இதில் மட்டும் நான் வைத்தியோடு உடன்படுகிறேன். பொன்ஜூர் வேறு விஷயம். கராஃப்தான் விஷயம்.

வைத்தி
நீங்கள் என்னோடு உடன்பட வேண்டாம். இன்னொன்று. சட்டப்படி எழுதி வைத்திருக்க வேண்டும் என்றீர்களே, அந்தக் கடையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் மூன்று சாப்பாடு, மூன்று இனிப்பு, அவ்வளவுதான். சட்டத்தை மீறியது யார்?

குசினிக்காரன்
எழுதியிருக்கவில்லை என்பதும் நீங்கள் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. சரி, எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எழுதியிருந்தால் மட்டும் கராஃப் என்று கேட்டிருப்பீர்களா? உங்களுக்குத்தான் அந்தச் சொல்லே தெரியாதே!

செல்வி_லியோன்
அண்ணா, எழுதி வைக்க வேண்டும் என்று முதல் பதிவில் சொன்னவரே நீங்கள்தான். இப்போது வசதியாகத் தாண்டிப் போகிறீர்கள். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். உங்கள் முதலாளியின் மனைவி மேசைக்கு வந்ததும் என்ன கேட்கிறார்? “சாதாரணமா, வாயு நிரப்பியதா?” என்றுதானே? இரண்டுக்கும் பாட்டில்தான் வரும். மூன்றாவது வழி இருப்பதை அவர் வாயால் சொல்கிறாரா?

குசினிக்காரன்
அது வியாபாரம். எல்லாக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள்.

வைத்தி
ஆகா! வந்துவிட்டது. பத்தொன்பது வருட அனுபவம் கடைசியில் என் பக்கம் சாட்சி சொல்கிறது.

குசினிக்காரன்
ஒன்றும் வரவில்லை. கேட்கிறவருக்கு வாய் இருக்கிறது. “கராஃப்” என்றால் அடுத்த நிமிடம் வரும், முகம் சுளிக்காமல் வரும். ஒரு சின்னக் கடையின் கணக்கு உங்களுக்குத் தெரியுமா? விடிகிற நேரத்தில் ரஞ்சிஸ் சந்தைக்குப் போய்ச் சாமான் எடுத்து வருகிறவரும் முதலாளிதான், இரவு பன்னிரண்டுக்குத் தரை துடைக்கிறவரும் முதலாளிதான். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஒரு கூட்டம், இரவு ஒரு கூட்டம். இரண்டே காலுக்கு வந்து சாப்பாடு கேட்பவரிடம் குசினி பூட்டியாகிவிட்டது என்று சொன்னால், திமிர் என்று எழுதுவீர்கள். சாப்பாட்டில் வரும் லாபம் வாடகைக்கே சரி. வைனும் பாட்டில் தண்ணீரும் கோப்பியும்தான் கடையைத் திறந்து வைத்திருக்கின்றன. ஓசியில்தான் குடிக்க வேண்டும் என்றால் தெருவில் பச்சை நிற வாலஸ் நீர்க்குழாய்கள் 1872இலிருந்து நிற்கின்றன. அங்கே பொன்ஜூரும் வேண்டாம், கராஃபும் வேண்டாம்.

புதுவை மைந்தன்
கராப்.

வைத்தி
தெருக் குழாயில் குடி என்கிறீர்கள். விருந்தாளியிடம் பேசும் பேச்சா இது? பில் வரவே முக்கால் மணி நேரம் ஆனது. போகிற போக்கில் பத்து சதவீதம் டிப்ஸ் வேறு வைத்துவிட்டு வந்தேன், முட்டாள்தனமாக.

குசினிக்காரன்
பற்றுச்சீட்டைக் கேட்டால்தான் தருவார்கள். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் “எழுந்து போ” என்று அர்த்தம். மேசை இரவு முழுவதும் உங்களுடையது. அதையும் குற்றமாக எழுதுகிறீர்கள். டிப்ஸ் வைக்கச் சொன்னது யார்? பலகையில் போட்ட விலைக்குள் பரிமாறும் கூலியும் அடக்கம். இவற்றை எல்லாம் விசாரிக்காமல் வந்தவர், வெங்காய சூப்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் விசாரித்தா இருப்பார்?

வைத்தி
என்ன இருக்கிறது?

குசினிக்காரன்
வெங்காயம், வெண்ணெய், பாண், பாலாடைக்கட்டி. பழைய முறைப்படி செய்தால் மாட்டெலும்புச் சாறு. சில கடைகளில் கோழிச் சாறு ஊற்றுவார்கள்.

செல்வி_லியோன்
அண்ணா, இதை இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

வைத்தி
இப்படி ஒரு மனிதரா நீங்கள்? என் மனைவி இந்தத் திரியை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தச் சூப்பை அவள்தான் புகழ்ந்து தள்ளினாள்.

குசினிக்காரன்
நான் சமைக்கவில்லை. நல்ல சூப்பாகத்தான் இருந்திருக்கும். சைவம் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்தம்மா வேறு ஏதாவது கொடுத்திருப்பார். அங்கேயும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை. உங்கள் பிரச்சினையே கேட்காததுதான்.

புதுவை மைந்தன்
எங்கள் ஊரில் இருக்கும் பிரெஞ்சு உணவகங்களில் சைவமா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். தண்ணீரும் கேட்காமல் வரும். அதனால்தான் சொல்கிறேன், உண்மையான பிரெஞ்சு விருந்தோம்பல் புதுச்சேரியில்தான் மிச்சம் இருக்கிறது.

செல்வி_லியோன்
அது தமிழ் விருந்தோம்பல் சார். பிரெஞ்சுக்காரர்கள் தலையில் கட்டாதீர்கள்.

புதுவை மைந்தன்
லியோனில் பதினொரு ஆண்டு இருந்தால் புதுச்சேரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உரிமை வந்துவிடுமா? மீன்குழம்புத் திரியிலும் நீங்கள் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

குசினிக்காரன்
மீன்குழம்புக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரவு வேலைக்கு நேரமாகிறது. ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். வைத்தி, ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் எழுதி வையுங்கள். நள்ளிரவு வந்து பார்க்கிறேன்.

வைத்தி
எழுத மாட்டேன். தண்ணீர் தண்ணீர்தான். ஆறரை யூரோ ஆறரை யூரோதான். அது போகட்டும், மனைவி கேட்கச் சொல்கிறாள்: அந்த ஆம்லெட்டை எதில் பொரித்திருப்பார்கள்?

குசினிக்காரன்
வெண்ணெயில். பன்றிக் கொழுப்பிலும் பொரிப்பவர்கள் உண்டு. கேட்டீர்களா?